எண்பது பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார்

1799ஆம் ஆண்டு. சுவிட்சர்லாந்து நாட்டில், மலைகளுக்கு நடுவே ஸ்டான்ஸ் என்று ஓர் ஊர். அங்கே கன்னிமாடத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தில் ஏறக்குறைய 80 பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரே வாத்தியார். அவருக்கு வயது 53. உதவிக்கு வீட்டு வேலை பார்க்கும் ஓர் அம்மாள் மட்டுமே.

வாரம் முழுவதும் பிள்ளைகள் சந்தோஷமாகவே இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாத்தியாருக்கு நெஞ்சு படபடக்கும். அன்றுதான் பெற்றோரும் உற்றாரும் கூட்டமாக வருவார்கள். பிள்ளையை ஒரு மூலைக்கு அழைத்துச் சென்று காதோடு காதாகப் பேசுவார்கள். பேசிக்கொண்டே கண்ணீர் விடுவார்கள். அதைப் பார்த்துப் பிள்ளையும் அழும். வீட்டுக்குப் போகவேண்டும் என்று அடம் பிடிக்கும். ஆறு நாள் அரும்பாடுபட்டுக் கட்டியது ஏழாம் நாள் இடிந்து விழும்.

அந்த வாத்தியாரின் பெயர் ஜோஹான் ஹென்ரிக் பெஸ்டலாசி. பிற்காலத்தில் ஐரோப்பா முழுவதும் ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியர் என்று அவரைக் கொண்டாடியது. ஆனால் அந்தப் புகழுக்கு முன்னால் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெற்றோரின் துணை இல்லாமல் ஓர் ஆசிரியர் எவ்வளவு தவிக்க நேரும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி.

வேலைக்காரியின் வாக்கு

பெஸ்டலாசி 1746ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி ஜூரிச் நகரில் பிறந்தார். தந்தை ஒரு வைத்தியர். பெரிய சொத்து இல்லை. ஹென்ரிக்குக்கு ஐந்து வயதானபோது தந்தை இறந்துவிட்டார்.

வீட்டில் பாபெலி என்று ஒரு வேலைக்காரப் பெண் இருந்தாள். மரணப் படுக்கையில் இருந்த எஜமானர் அவளை அழைத்தார். தம் மனைவியையும் குழந்தைகளையும் கைவிட்டுவிடாதே என்று கேட்டுக்கொண்டார். விடமாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். சாகும்வரையில் அந்த வாக்கைக் காப்பாற்றினாள்.

காய்கறி வாங்கக் காலையிலேயே சந்தைக்குப் போகமாட்டாள். கடைக்காரர்கள் மூட்டை கட்டும் நேரம் பார்த்துப் போவாள். அப்போதுதானே விலை மலியும்! பிள்ளைகளைத் தெருவில் ஓடி விளையாட விடமாட்டாள். துணியும் செருப்பும் தேய்ந்துபோகும் என்பதுதான் காரணம். எழுத்து வாசனை அதிகம் இல்லாத அந்தப் பெண்ணிடமிருந்துதான், அன்பும் உறுதியும் இருந்தால் ஒரு குடும்பத்தைக் கரை சேர்த்துவிடலாம் என்பதைச் சிறுவன் கற்றுக்கொண்டான். ஒரு வீட்டைத் தாங்கி நிற்பது எது என்ற கேள்விக்கு அவனுக்குக் கிடைத்த முதல் விடை அது.

ஆனால் வீட்டுக்குள்ளேயே வளர்ந்ததால் வெளி உலகம் தெரியாமல் போயிற்று. பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்கள் அவனைப் பரிகாசம் செய்தார்கள். ஒருமுறை நிலம் அதிர்ந்தபோது எல்லாரும் வெளியே ஓடிவிட்டார்கள். உள்ளே விட்டு வந்த தொப்பிகளையும் புத்தகங்களையும் எடுத்துவர யாருக்கும் துணிவில்லை. ஹென்ரிக்கைத்தான் அனுப்பினார்கள். அவனும் போய் எடுத்து வந்தான்.

தாத்தா ஒரு கிராமத்தில் பாதிரியாராக இருந்தார். விடுமுறையில் பேரன் அவரிடம் போவான். அவர் ஏழைகளின் குடிசைகளுக்குப் போகும்போது கூடவே நடப்பான். நல்ல கன்னமும் சிரித்த முகமுமாக இருந்த குழந்தைகள், சில ஆண்டுகளில் வறுமையால் வாடி வதங்கிப் போவதைக் கண்டான். இவர்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற எண்ணம் அன்றே அவன் மனத்தில் விழுந்துவிட்டது.

கைப்பணம் கரைந்தது

வாலிபரான பெஸ்டலாசி 1769ஆம் ஆண்டு அன்னா என்ற பெண்மணியை மணந்தார். அன்னா வசதியான வீட்டுப் பெண். அவரைவிட மூத்தவர். பெண் வீட்டார் சம்மதிக்கவில்லை. அன்னா எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அவரைக் கைப்பிடித்தார்.

பிர் என்ற கிராமத்துக்கு அருகில் நிலம் வாங்கி வீடு கட்டினார்கள். அந்தப் பண்ணைக்கு நியூஹோஃப் என்று பெயர். துணிக்குச் சாயம் ஏற்றும் செடியைப் பயிரிட்டார் பெஸ்டலாசி. விவசாயம் கைகொடுக்கவில்லை. கடன் ஏறியது.

1774ஆம் ஆண்டில் அந்தப் பண்ணை வீட்டையே ஏழைப் பிள்ளைகளின் பள்ளியாக மாற்றினார். பிச்சை எடுத்துத் திரிந்த பிள்ளைகளை அழைத்து வந்தார். அவர்கள் பஞ்சு நூற்றார்கள். வயலில் வேலை செய்தார்கள். வேலை செய்துகொண்டே எழுத்தும் கணக்கும் படித்தார்கள். உழைத்துப் பிழைக்கவும் தெரியவேண்டும், அறிவும் வளரவேண்டும் என்பது அவர் திட்டம்.

இங்கேதான் முதல் அடி விழுந்தது. பிள்ளைகளுக்குப் புதுத் துணி கிடைத்ததும் பெற்றோர் வந்து நிற்பார்கள். வேலை அதிகம், சாப்பாடு சரியில்லை என்று குறை சொல்வார்கள். பிள்ளையைப் புதுத் துணியோடு வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். நூற்கப் பழகிய கைகள் போய்விட, மறுபடி புதிய பிள்ளைகளுக்கு முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கும். வரவு குறைந்தது. செலவு மட்டும் குறையவில்லை. அன்னாவின் சொத்தெல்லாம் கரைந்தது. 1780ஆம் ஆண்டில் பள்ளி மூடப்பட்டது.

அதன்பின் ஏறக்குறைய 18 ஆண்டுகள் வறுமை. வீட்டில் ரொட்டியும் விறகும் இல்லாத நாட்களும் உண்டு. உருப்படாத மனிதர் என்று ஊரார் ஒதுக்கினார்கள். அந்த இருண்ட காலத்தில் எலிசபெத் என்ற வேலைக்காரப் பெண் வந்து சேர்ந்தாள். சீரழிந்து கிடந்த வீட்டையும் தோட்டத்தையும் தன் உழைப்பால் ஒழுங்குபடுத்தினாள். இரண்டாம் முறையாக ஓர் ஏழைப் பெண் அவர் குடும்பத்தைத் தாங்கினாள்.

சொந்த மகன்

பெஸ்டலாசிக்கு ஒரே மகன். 1770ஆம் ஆண்டு பிறந்தான். பெயர் ஜாக்கப். புகழ்பெற்ற ஆசிரியரின் வாழ்க்கையில் மிகவும் துயரமான பக்கம் இந்தப் பிள்ளையின் கதைதான்.

அந்தக் காலத்தில் ரூசோ என்ற அறிஞரின் கல்வி நூல் எங்கும் பேசப்பட்டது. குழந்தையை இயற்கையோடு சுதந்திரமாக வளர்க்கவேண்டும் என்பது அதன் சாரம். பெஸ்டலாசி அதைப் படித்து மயங்கினார். அதன்படியே தம் மகனை வளர்க்க விரும்பினார். ஒரு சமயம் முழுச் சுதந்திரம் கொடுத்தார். இன்னொரு சமயம் மூன்றரை வயதுக் குழந்தையை உட்காரவைத்து எண்ணும் எழுத்தும் சொல்லிக் கொடுத்துக் கண்டிப்புக் காட்டினார். இரண்டுக்கும் நடுவில் பையன் தடுமாறினான். 11 வயது ஆகியும் அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை.

பின்னர் ஜாக்கப்புக்கு வலிப்பு நோய் கண்டது. 1801ஆம் ஆண்டு, 31ஆம் வயதில் அவர் இறந்தார். பெஸ்டலாசியின் பெயர் பரவத் தொடங்கிய நேரம் அது. ஊரார் பிள்ளைகளுக்கு வழி காட்டிய தந்தைக்குத் தம் பிள்ளையைக் கரையேற்ற முடியவில்லை. இந்த வேதனை அவரை விட்டு நீங்கவே இல்லை. புத்தகத்தில் உள்ளதைக் குழந்தைமேல் திணிக்கக்கூடாது, குழந்தையைப் பார்த்தே வழி கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் கற்ற பாடத்துக்குக் கொடுத்த விலை மிகப் பெரியது.

தாய் நடத்திய பள்ளி

வறுமைக் காலத்தில் பெஸ்டலாசி பேனாவை எடுத்தார். 1781ஆம் ஆண்டில் 'லியனார்டும் கெர்ட்ரூடும்' என்ற கதை வெளிவந்தது. அது அவரை ஒரே நாளில் பிரபலமாக்கியது.

கதை எளிமையானது. லியனார்டு ஒரு கொத்தனார். நல்லவன்தான். ஆனால் குடிப்பழக்கத்துக்கு அடிமை. சாராயக் கடையில் கடன் ஏறுகிறது. அவன் மனைவி கெர்ட்ரூட் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. ஊர்ப் பெரியதனக்காரரிடம் துணிந்து போய் முறையிடுகிறாள். குடும்பத்தை மீட்கிறாள்.

அவள் தன் குழந்தைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறாள். தனியே பள்ளிக்கூடம் கிடையாது. பலகை கிடையாது. பிள்ளைகள் ராட்டை சுற்றிக்கொண்டே கணக்குச் சொல்கிறார்கள். ஜன்னலில் எத்தனை கண்ணாடி என்று எண்ணுகிறார்கள். அறையின் நீளம் எத்தனை அடி என்று காலால் அளக்கிறார்கள். இந்தத் தாயின் பெருமை ஊரில் பரவுகிறது. கடைசியில் அந்த ஊருக்கு வரும் புதிய பள்ளி வாத்தியார், பாடம் சொல்லித்தரும் முறையை அறிந்துகொள்ள அவள் வீட்டைத் தேடி வருகிறார்.

வாத்தியார் தாயைத் தேடி வருவதுதான் கதையின் உயிர்நாடி. வீடு ஒருபுறமும் பள்ளி மறுபுறமும் இழுத்தால் நடுவில் அகப்பட்ட குழந்தை என்ன ஆகும் என்பதை நியூஹோஃபில் கண்டவர் பெஸ்டலாசி. கெர்ட்ரூடை அவர் படைத்தபோது மனத்தில் இருந்தவள், அந்த வேலைக்காரப் பெண் எலிசபெத்தான்.

பலரும் அதைச் சுவையான கதையாகவே படித்து மகிழ்ந்தார்கள். அதிலிருந்த பாடத்தைக் கவனித்தவர்கள் சிலரே. இது பெஸ்டலாசிக்கு ஏமாற்றமாக இருந்தது. எழுதியதைச் செய்துகாட்ட ஒரு வாய்ப்புக்காக அவர் காத்திருந்தார். அது 1798ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. அவர் தயங்காமல் புறப்பட்டார்.

ஸ்டான்ஸ் நகரில் ஐந்து மாதம்

1798ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிரெஞ்சுப் படை ஸ்டான்ஸ் வட்டாரத்தைத் தாக்கியது. வீடுகள் எரிந்தன. ஆணும் பெண்ணுமாகப் பலர் மாண்டனர். பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். அவர்களுக்காக ஓர் இல்லம் நடத்த அரசாங்கம் பெஸ்டலாசியை அனுப்பியது. 1799ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி அது திறக்கப்பட்டது.

கட்டட வேலை முடியவில்லை. சுவர் ஈரம் காயவில்லை. எங்கும் சுண்ணாம்புத் தூசி. சமையலறையும் தயாராகவில்லை. வந்த பிள்ளைகளோ எலும்பும் தோலுமாக இருந்தார்கள். பலருக்குச் சொறி சிரங்கு. பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட எழுத்துத் தெரிந்திருந்தால் பெரிது.

பெஸ்டலாசி அவர்களைக் குளிப்பாட்டினார். ஊட்டினார். நோயில் பக்கத்தில் இருந்தார். இரவில் எல்லாரும் தூங்கிய பிறகே படுப்பார். காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்திருப்பார். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்படி செய்தார்.

ஆனால் பெற்றோருக்கு நம்பிக்கை வரவில்லை. ஊரார் கத்தோலிக்கர்கள். இவரோ புராட்டஸ்டண்டு மதத்தவர். ஊரை அழித்தவர்களோடு சேர்ந்த அரசாங்கம் அனுப்பிய ஆள் வேறு! சிலர் பிள்ளையை விட்டு வைத்ததற்குக் காசு கேட்டார்கள். பிள்ளை பிச்சைக்கு வராததால் வரும்படி குறைந்துவிட்டதாம்! துணி கிடைத்ததும் சிலர் அழைத்துப் போய்விட்டார்கள்.

அந்தப் பெற்றோரைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வீட்டை இழந்தவர்கள், உற்றாரைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். புதியவர் எவரையும் நம்பும் நிலையில் அவர்கள் இல்லை. பெஸ்டலாசி அவர்களோடு சண்டை பிடிக்கவில்லை. பிள்ளைகளின் அன்பைச் சம்பாதித்தால் பெற்றோரின் மனமும் ஒரு நாள் மாறும் என்று பொறுத்திருந்தார்.

அந்தப் பொறுமை பிள்ளைகளிடத்தில் பலித்தது. பக்கத்தில் அல்ட்டார்ஃப் என்ற ஊர் தீப்பற்றி எரிந்தது. அங்கே வீடிழந்த பிள்ளைகளில் 20 பேரை நம் இல்லத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்று பெஸ்டலாசி தம் பிள்ளைகளைக் கேட்டார். சேர்த்துக்கொண்டால் உங்கள் சாப்பாடு குறையும், வேலை கூடும், துணியையும் பங்கு போடவேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். அழைத்து வாருங்கள் என்று பிள்ளைகள் ஒருமுகமாகக் கூறிவிட்டார்கள். சில மாதங்களுக்கு முன் பசியால் துடித்த பிள்ளைகள் அவர்கள்!

ஜூன் மாதம் படைகள் திரும்பி வந்தன. கட்டடத்தை ராணுவ ஆஸ்பத்திரியாக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஜூன் 8ஆம் தேதி இல்லம் மூடப்பட்டது. பிள்ளைகளின் கையில் துணியும் கொஞ்சம் காசும் கொடுத்து அனுப்பினார் பெஸ்டலாசி. அதற்குள் அவர் உடம்பு ஒடிந்துபோயிருந்தது. வாயில் ரத்தம் வந்தது. ஓய்வுக்காக மலைப்பகுதிக்குச் சென்றார்.

செருப்புத் தைக்கும் வாத்தியார்

சில வாரங்களில் மறுபடி பிள்ளைகளைத் தேடிக் கிளம்பிவிட்டார். பர்க்டோர்ஃப் நகரில் ஒரு சின்னப் பள்ளியில் சொல்லித்தர அனுமதி கிடைத்தது. அந்தப் பள்ளியை நடத்தியவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி. அந்தக் காலத்தில் ஆசிரியர் வேலைக்கு வருமானம் போதாது. ஆகவே வேறு தொழிலும் செய்தே பிழைக்கவேண்டியிருந்தது. அவருடைய வீட்டிலேயே பள்ளி. 70க்கு மேற்பட்ட பிள்ளைகள்.

புதிதாக வந்தவர் தம் பிழைப்பில் மண் போட்டுவிடுவாரோ என்று அந்த வாத்தியாருக்குப் பயம். பெற்றோரிடம் போய் முறையிட்டார். இவர் வேத பாடத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை, கையில் புத்தகமும் இல்லை என்றார். பெற்றோர் கூடிப் பேசினார்கள். புது முறையைப் பரீட்சை பார்ப்பதென்றால் பணக்காரர்கள் தங்கள் பிள்ளைகளிடம் பார்க்கட்டும், எங்கள் பிள்ளைகள்தானா அகப்பட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். பெஸ்டலாசி வெளியேற்றப்பட்டார்.

அடுத்து, சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுத்தரும் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே நிம்மதியாக வேலை செய்தார். அவருடைய முறை, பார்ப்பதைக் கவனிக்கச் செய்வது. கிழிந்த சுவர்த்தாளைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்பார். ஓட்டை தெரிகிறது என்பார்கள். எப்படிப்பட்ட ஓட்டை, நீளமா, வட்டமா, அதற்குள் என்ன தெரிகிறது என்று வளர்த்துக்கொண்டே போவார். காணும் பொருளிலிருந்து சொல், சொல்லிலிருந்து வாக்கியம். கல்லையும் விதையையும் வைத்து எண்ணிக்கை. பிறகுதான் புத்தகம்.

1800ஆம் ஆண்டு மார்ச் மாதம் நகரப் பள்ளிக் குழுவினர் பரீட்சை நடத்தினார்கள். குழந்தைகளின் முன்னேற்றத்தைக் கண்டு வியந்து, பெஸ்டலாசியைப் பாராட்டி எழுத்து மூலமாகவே கொடுத்தார்கள். பிறகு அதே நகரின் கோட்டையில் அவருடைய கல்வி நிலையம் உருவாயிற்று. அங்கே ஆசிரியர்களுக்கும் பயிற்சி நடந்தது. 1801ஆம் ஆண்டில், தாயார் எப்படிக் குழந்தைக்குச் சொல்லித்தரலாம் என்பதை விளக்கும் நூலை வெளியிட்டார். அதற்கும் கெர்ட்ரூடின் பெயரையே வைத்தார்.

புகழும் பூசலும்

1805ஆம் ஆண்டு இவர்டன் நகரின் பழைய கோட்டைக்கு அவருடைய பள்ளி மாறியது. 20 ஆண்டுகள் அங்கே நடந்தது. பல தேசத்துப் பிள்ளைகள் வந்தார்கள். பிரஷ்ய அரசாங்கம் தன் இளம் ஆசிரியர்களை அவரிடம் அனுப்பி வைத்தது. புரோபெல் என்ற ஜெர்மானியர் 1808ஆம் ஆண்டு முதல் 1810ஆம் ஆண்டு வரை அங்கே இருந்து கற்றார். சின்னக் குழந்தைகளுக்கான பள்ளிக்குக் கிண்டர்கார்டன் என்று 1840ஆம் ஆண்டில் பெயர் வைத்தவர் அவர்தான்.

ஆனாலும் தொல்லைகள் ஓயவில்லை. பார்வையாளர் கூட்டம் வந்தவண்ணம் இருந்தது. வந்தவர்களுக்குக் காட்டுவதிலேயே பாட நேரம் போயிற்று. 1809ஆம் ஆண்டு மூவர் குழு பள்ளியைச் சோதிக்க வந்தது. அறிக்கை பாராட்டும் குறையுமாக இருந்தது. உதவி ஆசிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டார்கள். கணக்கு வழக்குகளைச் சரியாகப் பார்க்கும் திறமை பெஸ்டலாசிக்கு என்றுமே இருந்ததில்லை. 1815ஆம் ஆண்டு டிசம்பரில் அன்னாவும் மறைந்தார். 46 ஆண்டுகள் சுகத்திலும் துக்கத்திலும் துணைநின்ற மனைவி போனபின் அவர் மிகவும் தளர்ந்துபோனார். 1825ஆம் ஆண்டு பள்ளி மூடப்பட்டது.

79 வயதுக் கிழவர் பழைய நியூஹோஃப் பண்ணைக்கே திரும்பினார். அங்கே மறுபடியும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கட்ட ஆரம்பித்தார்! அது முடியும்வரை அவர் ஆயுள் நீடிக்கவில்லை. 1827ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் தேதி புருக் என்ற ஊரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 81.

பள்ளிச் சுவரின் அருகே

பிர் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் அருகில் அவரை அடக்கம் செய்தார்கள். ஆடம்பரமான நினைவுச் சின்னம் ஏதும் இல்லை. ஒரு ரோஜாச் செடி மட்டும் நின்றது. அவர் பிறந்து 100 ஆண்டு நிறைந்த 1846ஆம் ஆண்டில் அங்கே நினைவுச் சின்னம் எழுந்தது. எல்லாவற்றையும் பிறருக்கே கொடுத்து, தமக்கென எதையும் வைத்துக்கொள்ளாதவர் என்ற கருத்து அதில் பொறிக்கப்பட்டது.

பெஸ்டலாசி நடத்திய பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆயினும் அவர் தோற்கவில்லை. குழந்தைக்குக் கண்ணால் காட்டிச் சொல்லித்தரும் வழக்கம் உலகமெங்கும் பரவியது. அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் அதைத் தங்கள் ஊர்களுக்கு எடுத்துச் சென்றார்கள்.

பெற்றோருக்கும் அவர் வாழ்க்கையில் ஒரு செய்தி உண்டு. பிள்ளைக்குச் சொல்லித்தரத் தாய்க்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. படியேறும்போது படிகளை எண்ணச் சொல்லலாம். காய் நறுக்கும்போது அதன் நிறத்தையும் வடிவத்தையும் கேட்கலாம். அன்று பள்ளியில் என்ன நடந்தது என்று தந்தை அருகில் உட்காரவைத்து விசாரிக்கலாம். வாத்தியார்மேல் குறை இருந்தால் பிள்ளையின் காதில் ஓதாமல், வாத்தியாரிடமே நேரில் போய்ப் பேசலாம்.

ஸ்டான்ஸ் நகரத்தில் ஞாயிறுதோறும் மூலையில் நின்று அழுத தாய்மார்கள், அந்த வாத்தியாரிடம் நேரே வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், தங்கள் பிள்ளைமேல் தங்களுக்கு உள்ள அதே அக்கறை அவருக்கும் இருப்பதைக் கண்டிருப்பார்கள்.